மாரடைப்புக்குப் பிறகும் மைதானத்துக்குப் போன அதிபர்: ஐசன்ஹோவரை நடக்க வைத்தது எது?

1955 செப்டம்பர் 26, திங்கட்கிழமை. நியூயார்க் பங்குச்சந்தை திறந்ததுமே எல்லோரும் விற்கத் தொடங்கினார்கள். அன்று வர்த்தகம் முடியும்போது டவ் ஜோன்ஸ் குறியீடு 6.5 சதவீதம் சரிந்திருந்தது. எங்கேயும் போர் மூளவில்லை, எந்த வங்கியும் திவாலாகவில்லை. அமெரிக்க அதிபருக்கு ஹார்ட் அட்டாக். விஷயம் அவ்வளவுதான்.

அந்த அதிபர் டுவைட் டி. ஐசன்ஹோவர். அப்போது வயது 64. மாரடைப்பு வந்தவரின் வேலை வாழ்க்கை அதோடு முடிந்தது என்று உலகமே நம்பிய காலம் அது. ஆனா இவர் அதற்குப் பிறகு 13 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். நடுவில் ஒரு அதிபர் தேர்தலிலும் ஜெயித்தார்.

இந்தக் கதையை இப்போது ஏன் சொல்லணும்? இதய நோய் வந்தவர்கள் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் ஷீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் மாதம் விடியற்காலையில் எழுந்து வாக்கிங் போகிற அப்பா, மூன்றாவது மாதம் ஷூவை எடுப்பதே இல்லை. தெரிந்தும் ஏன் செய்ய முடிவதில்லை? தொடர்ந்து செய்கிறவர்களைச் செய்ய வைப்பது எது? ஐசன்ஹோவரின் வாழ்க்கையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது.

யார் இந்த ‘ஐக்’?

1890 அக்டோபர் 14-ல் டெக்சாஸ் மாநிலம் டெனிசனில் பிறந்தவர். வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற சின்ன ஊரில். வசதியில்லாத குடும்பம், வீடு நிறைய ஆண் பிள்ளைகள். ‘ஐக்’ என்ற செல்லப் பெயர் கடைசி வரை கூடவே வந்தது.

சின்ன வயதிலிருந்தே விளையாட்டு என்றால் உயிர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்ததும் அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம் கிடைத்தது. 1912-ல் ஒரு போட்டியில் முழங்காலில் அடி. அது முழுசாக ஆறுவதற்குள் குதிரையேற்றப் பயிற்சியில் மறுபடியும் அடி. கால்பந்து அத்தோடு போச்சு. அந்த இளைஞன் ரொம்பவே உடைந்து போனான். ஆனா மைதானத்தை விட்டு விலகவில்லை. ஜூனியர் அணிக்குப் பயிற்சி கொடுத்தான், கூட்டத்தோடு நின்று தன் அணிக்காக ஆரவாரம் செய்தான். ஒரு வழி அடைபட்டால் பக்கத்து வழியில் உள்ளே போகிற அந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி. 1944 ஜூன் 6-ல் நார்மண்டி கடற்கரையில் நடந்த தரையிறக்கத்துக்கு உத்தரவு கொடுத்தவர். போருக்குப் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர், நேட்டோ படைத் தளபதி. 1953 ஜனவரியில் அமெரிக்க அதிபர்.

போர்க்காலத்தில் ஒரு நாளைக்கு நான்கு பாக்கெட் சிகரெட் வரை ஊதியவர். 1949-ல் உடல்நிலை மோசமானபோது டாக்டர் சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தினார். திரும்பத் தொடவில்லை. மன உறுதிக்குக் குறைவில்லாத மனுஷன்தான். ஆனாலும் அந்த உறுதி மட்டுமே பின்னால் போதுமானதாக இருக்கவில்லை.

அந்த ஒரு நாள்

1955 செப்டம்பர் 23. கொலராடோவில் விடுமுறை. காலையில் மலைப்பகுதியிலிருந்து டென்வர் நகருக்குத் திரும்பினார். அலுவலகத்தில் கொஞ்ச நேரம் ஃபைல்கள் பார்த்தார். பிறகு நேராக கோல்ஃப் மைதானம். ஆட்டத்துக்கு நடுவே வெளியுறவு அமைச்சர் டல்லஸிடமிருந்து போன் அழைப்புகள். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு கிளப் கட்டிடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. மதியம் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர். அதன் பிறகும் ஆட்டம். மொத்தம் 27 குழிகள். நடுவில் வயிறு ஒரு மாதிரி இருந்தபோது, சாப்பாடுதான் காரணம் என்று நினைத்தார்.

அன்று இரவு தங்கியது மாமியார் வீட்டில். நள்ளிரவு தாண்டி நெஞ்சு வலி எழுப்பியது. மனைவி மேமி உடனே டாக்டர் ஹோவர்ட் ஸ்னைடரை அழைத்தார். ஸ்னைடர் மார்ஃபின் கொடுத்தார். வெளியே முதலில் போன செய்தி, அதிபருக்கு அஜீரணக் கோளாறு என்பது. மறுநாள் மதியம் இசிஜி எடுத்த பிறகுதான் மாரடைப்பு என்பது உறுதியாகி, ஃபிட்ஸ்சைமன்ஸ் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஆஸ்பிரின், ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட் எதுவும் மாரடைப்புச் சிகிச்சைக்கு வராத காலம். ஆக்ஸிஜன் கூடாரம், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, ஓய்வு. கையில் இருந்தது இவ்வளவுதான்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

மறுநாள் பாஸ்டனிலிருந்து ஒரு டாக்டர் விமானத்தில் வந்து இறங்கினார். பெயர் பால் டட்லி வைட். அமெரிக்க இதய மருத்துவச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தானே சைக்கிள் ஓட்டி, நடந்து திரிகிற ஆள். காலை அசைத்தால்தான் இதயம் நன்றாக இருக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவர்.

அப்போதைய வழக்கம் என்ன தெரியுமா? மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரம் வரை படுக்கையை விட்டு எழவே விடமாட்டார்கள். தானாகச் சாப்பிடக்கூட அனுமதி இல்லாத இடங்கள் உண்டு. அசைந்தால் இதயம் கிழிந்துவிடும் என்ற பயம். இதனால் காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் இறந்தவர்களும் உண்டு. பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு டாக்டர்கள் 1952-ல்தான் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, அதில் ஆபத்து இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதே ஆண்டுகளில் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் இரட்டை அடுக்குப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953-ல் வெளியிட்டார்.

ஆக, விஞ்ஞானம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த நோயாளி ஐசன்ஹோவர். அவரையும் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு நிற்பது, சில அடி நடப்பது என ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். வைட் இன்னொரு காரியமும் செய்தார். பத்திரிகையாளர்களை உட்கார வைத்து, இதயத்துக்குள் என்ன நடந்தது, எப்படி ஆறும் என்று சாதாரண மொழியில் பாடம் நடத்தினார். நாட்டு மக்கள் பலருக்கு மாரடைப்பு என்றால் என்ன என்பதே அன்றுதான் புரிந்தது.

மருத்துவமனையிலிருந்து எப்போது கிளம்புவது என்ற கேள்வி வந்தபோது ஐசன்ஹோவருக்கு ஒரு ஆசை இருந்தது. மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகிற நிலையில் சீக்கிரம் கிளம்ப அவர் விரும்பவில்லை. கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, சொந்தக் காலில் நடந்து போய் விமானம் ஏற வேண்டும். சுமார் ஏழு வாரங்கள் கழித்து, நவம்பர் 11-ல் அப்படியே கிளம்பினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவோம். தினமும் இத்தனை அடி நட என்பது டாக்டரின் உத்தரவு. விமானம் வரை நடந்தே போகணும் என்பது அவருடைய சொந்த ஆசை. நடை ஒன்றுதான். ஆனா இரண்டாவதுக்காக எழுந்து நிற்கும்போது கிடைக்கிற வேகம் முதலாவதில் கிடைக்காது.

யாரும் பேசாத அந்த மாதங்கள்

கதை அதன் பிறகு நேராக மேலே போகவில்லை. பென்சில்வேனியா மாநிலம் கெட்டிஸ்பர்க்கில் அவருக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. ஓய்வெடுக்க அங்கே போனார். குளிர்காலம். மருத்துவமனையில் இருந்த பரபரப்பு அடங்கிவிட்டது. போரை நடத்திய தளபதிக்கு இப்போது ஒவ்வொரு சின்ன வலியும் கேள்விக்குறி. மனம் சோர்ந்து போனார்.

மாரடைப்புக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ரொம்பவே சகஜம். உடற்பயிற்சியைக் கைவிட வைக்கிற பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று. இன்னொன்று பயம். கொஞ்சம் மூச்சு வாங்கினாலே மறுபடியும் அட்டாக் வருதோ என்று தோன்றும். பயந்தவர் உட்கார்ந்துவிடுவார். உட்கார உட்கார உடல் பலம் குறையும். பலம் குறைந்ததால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். பயம் உண்மையாகிவிட்ட மாதிரி இருக்கும். வெளியே இருந்து பார்க்கிற நமக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது தற்காப்பு.

கோல்ஃப் திரும்பி வந்தது

ஐசன்ஹோவரை வெளியே இழுத்தது இரண்டு விஷயங்கள். ஒன்று வேலை. மறுபடியும் தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வி அவரை யோசிக்க வைத்தது. 1956 பிப்ரவரியில் டாக்டர்கள் பரிசோதித்து, இன்னும் 5 முதல் 10 ஆண்டுகள் சுறுசுறுப்பாக வேலை பார்க்க முடியும் என்று கருத்துச் சொன்னார்கள். அதே மாதம் 29-ம் தேதி, மீண்டும் போட்டியிடுவதாக அறிவித்தார்.

இன்னொன்று கோல்ஃப். மனுஷனுக்கு அந்த விளையாட்டு மேல் பைத்தியம். வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே பந்தைக் குழியில் தள்ளிப் பழக ஒரு சின்னத் திடல் போட்டிருந்தார். அதை அணில்கள் வந்து கிளறிப் போட்டதும், அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொன்னதும், அது பெரிய அரசியல் சர்ச்சை ஆனதும் தனிக்கதை. அதிபராக இருந்த எட்டு ஆண்டுகளில் சுமார் 800 முறை கோல்ஃப் ஆடியிருப்பார் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாட்டைப் பார்க்காமல் பந்தைப் பார்க்கிறார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள்.

டாக்டர்கள் நினைத்திருந்தால் இனிமேல் மட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைய பல டாக்டர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இவருடைய டாக்டர்கள் அதையே மருந்தாக்கினார்கள். முதலில் மெதுவான நடை. பிறகு நின்ற இடத்தில் பந்து தள்ளுவது. பிறகு சில குழிகள். 1956 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் விடுமுறையில் இருந்தபோது, மாரடைப்புக்குப் பிறகு முதல் முறையாக மைதானத்தில் இறங்கி ஆடினார். அதற்குள் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

கோல்ஃப் பெரிய உடற்பயிற்சியா என்று கேட்கலாம். வண்டியில் ஏறிப் போனால் இல்லைதான். ஆனா அது அவரை வீட்டை விட்டு வெளியே கொண்டு வந்தது, நிற்க வைத்தது, நண்பர்களோடு நேரம் கழிக்க வைத்தது. முக்கியமாக, நாளைக்கும் போகணும் என்று தோன்ற வைத்தது. இந்தக் கடைசி விஷயத்தை எந்த மாத்திரையும் தராது.

எல்லாமே சரியாக நடந்ததா?

இல்லை. இவரை ஒரு முன்மாதிரி போஸ்டர் ஆக்கிவிட வேண்டாம்.

ஐசன்ஹோவரின் கோபம் ஊரறிந்தது. எரிச்சல், பதற்றம், கோபம் எல்லாவற்றையும் தவிர்க்கும்படி டாக்டர்கள் சொன்னபோது, அதிபர் வேலை என்பதே இவைதானே என்று அவர் அலுத்துக்கொண்டார். அந்தக் கோபம் மைதானத்துக்கும் கூடவே வந்தது. ஒரு மோசமான அடிக்குப் பிறகு அவர் வீசி எறிந்த மட்டை ஸ்னைடரின் காலிலேயே பட்டது. மனசை லேசாக்க வேண்டிய விளையாட்டு, ஸ்கோர் மேல் கண் போனதும் ஸ்ட்ரெஸ் ஆகிவிடும். ஸ்மார்ட்வாட்சில் அடிகளை எண்ணி எண்ணி டென்ஷன் ஆகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கொலஸ்ட்ரால் விஷயமும் அப்படித்தான். சாப்பாட்டில் கடும் கட்டுப்பாடு இருந்தும் அளவு ஏறியபோது அவர் ரொம்ப வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைப் பார்த்து, ஸ்னைடர் அவரிடம் அளவைக் குறைத்துச் சொன்ன சம்பவமும் உண்டு. டாக்டர் பொய் சொன்னது சரியா என்பது வேறு விவாதம். எண்கள் சிலரைத் தூண்டும், சிலரை நொறுக்கும் என்பது மட்டும் உண்மை.

உடம்பும் சும்மா விடவில்லை. 1956 ஜூனில் குடல் அறுவை சிகிச்சை. அந்த நவம்பரில் தேர்தல் வெற்றி. 1957 நவம்பரில் லேசான பக்கவாதம். ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தொடங்கினார்.

தள்ளிப்போன ஒரு கூட்டம்

இதில் ஒரு வினோதம் உண்டு. அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்திய ஒரு எளிய உடல் தகுதிச் சோதனையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தோற்றிருந்தார்கள். ஐரோப்பியக் குழந்தைகளில் தோற்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்த முடிவைக் கேட்டு ஐசன்ஹோவர் அதிர்ந்து போனார். இதற்காக 1955 செப்டம்பர் கடைசியில் டென்வரிலேயே ஒரு மாநாடு நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். அதிபருக்கே மாரடைப்பு வந்ததால் அது தள்ளிப்போனது. அடுத்த ஆண்டுதான் நடந்தது. அதைத் தொடர்ந்து 1956 ஜூலை 16-ல் இளைஞர் உடல் தகுதிக்கான அதிபர் குழுவை அமைத்தார். நாட்டின் பிள்ளைகளை ஓடச் சொல்லி உத்தரவு போட்டவர், தானே அப்போதுதான் நடக்கப் பழகி முடித்திருந்தார்.

77 வயதில் ஒரே அடி

1961-ல் பதவி முடிந்தது. கெட்டிஸ்பர்க் பண்ணை, குளிர்காலத்தில் கலிஃபோர்னியா பாலைவனப் பகுதி என வாழ்க்கை ஓடியது. 1965 நவம்பரில் அகஸ்டாவில் மறுபடியும் மாரடைப்பு. அதோடு பெரிய மைதானங்களில் பழைய மாதிரி ஆட முடியாமல் போனது. வெஸ்ட் பாயின்டில் முழங்கால் உடைந்த இளைஞன் செய்ததையே இப்போதும் செய்தார். சின்ன மைதானத்துக்கு மாறினார்.

அப்படி ஒரு மைதானம்தான் பாம் ஸ்பிரிங்ஸில் இருக்கும் செவன் லேக்ஸ். 1968 பிப்ரவரி 6-ல் அங்கே 13-வது குழி. தூரம் 104 கஜம். அவர் அடித்த பந்து ஒரே அடியில் குழிக்குள் போய் விழுந்தது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் வாழ்நாளெல்லாம் கனவு காண்கிற அடி. 77 வயதில், முதல் மாரடைப்பு வந்து 12 ஆண்டுகள் கழித்து, முன்பைவிடச் சின்ன மைதானத்தில் கிடைத்தது.

அதற்கு மூன்று மாதத்துக்குள் மறுபடியும் மாரடைப்பு. அந்த ஆண்டு அடுத்தடுத்து இன்னும் சில. வாஷிங்டன் வால்டர் ரீட் மருத்துவமனையிலேயே கடைசி மாதங்கள் கழிந்தன. 1969 மார்ச் 28-ல், 78 வயதில், இதயச் செயலிழப்பால் இறந்தார். உடலை அபிலீனில் அடக்கம் செய்தார்கள்.

நமக்கு இதில் என்ன?

கோல்ஃப்தான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. சிகரெட்டை விட்டது, நல்ல டாக்டர்கள், கூடவே அதிர்ஷ்டம் என எல்லாமும் சேர்ந்ததுதான். வீட்டு வாசலில் புல்வெளித் திடலும் எந்நேரமும் பக்கத்தில் டாக்டரும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனா மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சிகள் பற்றிய இன்றைய ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. முறையான உடற்பயிற்சி, இதய நோயால் வரும் இறப்பையும் மறுபடி மருத்துவமனைக்குப் போவதையும் குறைக்கிறது. பலன் இருக்கிறதா என்பது இனி கேள்வியே இல்லை. ஆளை எப்படித் தொடர வைப்பது என்பதுதான் கேள்வி.

பயமுறுத்தி நடக்க வைப்பது கொஞ்ச நாளைக்குத்தான் ஓடும். நடக்கலைன்னா மறுபடியும் அட்டாக் வரும் என்று வீட்டில் தினமும் சொன்னால், முதல் மாதம் வேலை செய்யும். பயம் மங்கியதும் நடையும் நின்றுவிடும். இல்லாவிட்டால் பயம் இன்னும் கூடி, நடக்கவே அஞ்சுவார். அதனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள். இன்னைக்கு நடந்தீங்களா என்பதற்குப் பதிலாக, அட்டாக் வருவதற்கு முன்னால் அவருக்கு எது பிடிக்கும் என்று யோசியுங்கள். சந்தைக்குப் போய்ப் பேரம் பேசுவதா? தோட்ட வேலையா? நண்பரோடு டீக்கடை வரை அரட்டையா? பேத்தியை ஸ்கூலில் விடுவதா? நடையை அதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

அடுத்து, முதல் படி சின்னதாக இருக்கட்டும். அதிபரே நாற்காலியில் உட்காருவதில்தான் தொடங்கினார். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பொதுவான இலக்கு. அது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் நாளே தொட வேண்டிய கோடு இல்லை. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். எவ்வளவு, எப்போது என்பதை அவரைப் பார்க்கிற இதய மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்கணும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வழக்கத்தைவிட அதிக மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வலி அடங்கவில்லை என்றால், அஜீரணம் என்று தள்ளிப்போடாமல் அவசர உதவியை அழைக்கணும். ஐசன்ஹோவருக்கே பாதி நாள் அப்படித்தான் போனது.

மனம் சோர்ந்திருக்கிறாரா என்றும் கவனியுங்கள். எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால், அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

பழைய மாதிரி முடியவில்லை என்று அவர் மனம் விட்டால், மைதானத்தின் அளவை மாற்றலாம். ஐந்து கிலோமீட்டர் நடந்தவர் தெருமுனை வரை போகலாம். தெருமுனை முடியாதவர் மொட்டை மாடியில் நடக்கலாம். நாளைக்கும் அவர் செருப்பை மாட்டுகிறாரா என்பதுதான் கணக்கு.